எங்க கொதிக்குது? கார் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரே ஒரு வரிதான் எழுதினேன், பழைய காருக்கு எலக்ட்ரிக் ஃபேன் பூட்டுறதுக்கு முந்தி ஒரு தடவ யோசிங்கன்னு. அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நெனைக்கல. பாதிப்பேர் திட்டியிருக்காங்க, மீதிப்பேர் ஏற்கனவே பூட்டிட்டு இப்ப என்ன செய்றதுன்னு கேட்டிருக்காங்க. அதனால இந்த தடவ பிரேக்கும் கிளட்ச்சும் கொஞ்சம் பொறுக்கட்டும், முழுக்க ரேடியேட்டர் ஃபேன்தான்.

கேள்வி: அப்பா காலத்து மொரிஸ் மைனர் வச்சிருக்கேன், 1098 சிசி இஞ்சின். கம்பளை டவுனுக்குள்ள ஒரு தொந்தரவும் இல்ல. நுவரெலியா போனா மட்டும் இறம்பொடை ஏத்தத்துல நான் தனியா பூட்டின டெம்பரேச்சர் மீட்டர் ஊசி மேல போகுது, லபுக்கலை தாண்டுறதுக்குள்ள மூடிப்பக்கம் ஆவி வந்துடுது. கராஜ்ல எல்லாரும் எலக்ட்ரிக் ஃபேன் போடுங்கன்றாங்க. எந்த ஃபேன் நல்லது? (கம்பளை வாசகர்)

பதில்: அண்ணே, நீங்க எந்த ஃபேன்னு கேக்குறீங்க, நான் எங்க கொதிக்குதுன்னு கேப்பேன், நல்லவேளையா அதையும் நீங்களே எழுதிட்டீங்க. டவுன்ல கொதிக்கல, ஏத்தத்துல கொதிக்குது. அப்ப ஃபேன் மேல எனக்கு பெருசா சந்தேகம் வரல.

ஏன்னு சொல்றேன். உங்க மைனர்ல ஃபேன் வோட்டர் பம்ப் மூஞ்சிலயே பூட்டியிருக்கு, ரெண்டையும் ஒரே பெல்ட்தான் சுத்துது. இஞ்சின் வேகமா சுத்தினா ஃபேனும் வேகமா சுத்தும். ரெண்டாம் கியர்ல முப்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல இறம்பொடை வளைவு ஏறுறப்ப இஞ்சின் கிட்டத்தட்ட மூவாயிரம் சுத்து சுத்திக்கிட்டு இருக்கும், ஃபேனும் அந்த கணக்குலதான் காத்த இழுக்குது. அதே கார் கண்டி டவுன்ல சிக்னல்ல நிக்கிறப்ப எழுநூறு எண்ணூறு சுத்துதான், ஃபேன் சுத்து நாலுல ஒண்ணா கொறஞ்சா அது தள்ளுற காத்தும் நாலுல ஒண்ணா கொறஞ்சிடும். ஃபேன் பத்தாத காரு டவுன்லதான் முதல்ல கொதிக்கும். உங்களுக்கு தலைகீழா நடக்குது. அப்ப கோளாறு வேற எங்கயோ.

முதல்ல ரேடியேட்டர் மூடிய பாருங்க, சிரிக்காதீங்க. கடல்மட்டத்துல தண்ணி 100 பாகைல கொதிக்கும், மேல போகப்போக 300 மீட்டருக்கு ஒரு பாகைன்னு கொறஞ்சிக்கிட்டே வரும். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்க சட்டில வச்ச தண்ணி 94 பாகைலயே கொதிச்சிடும், பருப்பு வேக நேரம் எடுக்குறது அதனாலதான். கம்பளை அதுல பாதி உயரம்கூட இல்ல. மைனருக்கு வழக்கமா போடுறது 7 இறாத்தல் மூடி, அதாவது சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம் வரைக்கும் தாங்குற மூடி, அது உள்ள அழுத்தத்த புடிச்சு வச்சா கொதிநிலை இன்னும் ஒரு பத்துப் பாகைக்கு மேல ஏறும், நுவரெலியாவிலயும் நூறைத் தாண்டி தாக்குப்புடிக்கும். மூடியோட ரப்பர் காஞ்சிருந்தா அந்த பத்துப் பாகையும் போச்சு. அப்ப இஞ்சின் சாதாரண சூட்டுல ஓடினாலும், அதாவது 90, 92ல ஓடினாலும், மேல ஏறினதும் கொதிக்கிற மாதிரிதான் தெரியும். கீழ கம்பளைல அதே சூட்டுல ஒண்ணும் ஆகாது. உங்க கதைக்கு இது அப்படியே பொருந்துது. ஆனா ஒண்ணு, இருக்கட்டுமேன்னு 15 இறாத்தல் மூடி வாங்கிப் போட்டுடாதீங்க, அம்பது அறுபது வருசத்து ரேடியேட்டர் ஈயப்பத்து அந்த அழுத்தத்துக்கு தாங்காது, தையல் விட்டுடும்.

இது எனக்கு புத்தகத்துல கெடச்ச அறிவு இல்ல. ஏப்ரல் சீசனுக்கு மாமனார் வீட்டு ஆளுங்கள ஏத்திக்கிட்டு மேல போறப்ப என் காரு ரோட்டோரம் நின்னு ஆவி விட்டுச்சு, அதுக்கு ரெண்டு வாரம் முந்திதான் புது ஃபேன் பூட்டியிருந்தேன், பெருமையா எல்லாருக்கும் காட்டியும் இருந்தேன். மூடிய கழட்டிப் பாத்தா ரப்பர் கருவாடு மாதிரி இருந்துச்சு. பாக்காம விட்டது நான்தான், யாரையும் சொல்றதுக்கில்ல. மாமனார் இன்னைக்கும் அத சொல்லிக் காட்டுவார்.

மூடி நல்லாருந்தா அடுத்தது ரேடியேட்டர். வெறும் பீலித்தண்ணிய ஊத்தி ஊத்தி ஓட்டின காருன்னா உள்ள துருச்சேறு கண்டிப்பா இருக்கும், ஏன்னா இஞ்சின் பிளொக் இரும்பு, கூலண்ட் இல்லாம வெறும் தண்ணி நின்னா துருப்புடிக்காம என்ன செய்யும். கார நல்லா சூடாக்கி, இஞ்சின நிப்பாட்டி, ஃபேன் நின்னப்புறம் ரேடியேட்டர் முன்பக்கம் உள்ளங்கைய மெதுவா பக்கத்துல கொண்டுபோய் பாருங்க. ஒரு எடம் சூடு, ஒரு எடம் ஜில்லுன்னு இருந்தா அந்த ஜில்லு எடத்துல தண்ணி ஓடல. கழுவிப் பாருங்க, கேக்கலன்னா ரேடியேட்டர் பாஸ்கிட்ட, அதான் பத்து வைக்கிற மெக்கானிக்கிட்ட, குடுத்து கோர், அதாவது நடுவுல இருக்கற குழாய்க் கூடு, மாத்திடுங்க. அது பித்தளையும் செம்பும், பத்து வச்சு புது கோர் போடலாம், இந்தக்காலத்து பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டர் மாதிரி வீசத் தேவையில்ல.

அதோட கீழ் ஹோஸ். அது உறிஞ்சுற பக்கம், பழசாகி மெத்துன்னு போயிருந்தா இஞ்சின் வேகமா சுத்துறப்ப சப்பையாகி ஒட்டிக்கும், நின்னு பாக்குறப்ப நல்லாத்தான் தெரியும். ஒரு ஆள எக்ஸிலேட்டர மிதிக்கச் சொல்லிட்டு பாருங்க. பெல்ட்டையும் நடுவுல பெருவிரலால அமுக்கிப் பாருங்க, அரை அங்குலம் போகணும், அதுக்கு மேல போனா மேட்டுல வழுக்கும். டைமிங், அதாவது பிளக் பொறி அடிக்கிற நேரம், பின்னுக்குப் போயிருந்தாலும் ஏத்தத்துல சூடேறும். இவ்வளவும் பாத்து எல்லாம் சரின்னா அப்புறமா எழுதுங்க, ஃபேன் பத்தி பேசலாம்.

கேள்வி: என் மினிக்கு மாருதி 800 ஃபேன் ஒண்ணு வாங்கி முன் கிரில்லுக்குப் பின்னால வச்சு பூட்டினேன். நல்லா சத்தமா சுத்துது. ஆனா சூடு ஒரு பாகைகூட கொறையல. ஃபேன் பழசோ? (நுவரெலியா வாசகர்)

பதில்: தம்பி, ஃபேன் நல்ல ஃபேன்தான். நீங்க காத்து வீசிக்கிட்டு இருக்கறது பிளக்குக்கு கரண்ட் பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டருக்கு.

1959ல மினி வந்தப்ப அத வடிவமைச்ச அலெக் இசிகோனிஸ் இஞ்சின குறுக்கால திருப்பி வச்சார், மைனரும் அவர் வேலதான், அதுல நேரா வச்சிருந்தார். இஞ்சின் திரும்பினதால ரேடியேட்டரும் பக்கவாட்டுக்குப் போயிடுச்சு. டிரைவர் சீட்டுல ஒக்காந்து பாத்தா இடது கை பக்கம், உள் மட்கார்டுக்கு ஒட்டி நிக்குது. ஃபேன் இஞ்சின் பக்கத்து காத்த எடுத்து ரேடியேட்டருக்குள்ளால தள்ளி, மட்கார்டுல வெட்டியிருக்கற சின்னச்சின்ன கீத்து வழியா முன் டயர் இருக்கற குழிக்குள்ள வெளியாக்குது. மத்த காருல ஃபேன் வெளிக்காத்த உள்ள இழுக்கும், மினில உள்காத்த வெளிய தள்ளும். இத மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா மினி ஃபேன் விசயத்துல முக்காவாசி பிழை வராது. ரேடியேட்டர் முன்னுக்கு வந்து எலக்ட்ரிக் ஃபேனோட நின்னது கடைசிக்கால மினிலதான்.

அதனால உங்க மாருதி ஃபேன வைக்கணும்னா அந்த டயர் குழிக்குள்ள, மட்கார்டு கீத்துக்கு வெளிப்பக்கம் வைக்கணும். 90கள்ல வந்த மினிக்கு கம்பெனியே அந்த எடத்துலதான் ஒரு சின்ன எலக்ட்ரிக் ஃபேன் வச்சிருந்தாங்க. அங்க வைக்கிற ஃபேன் ரேடியேட்டர் பக்கத்துலருந்து காத்த இழுத்து டயர் பக்கம் விடணும், இஞ்சின் ஃபேன் போற தெசையிலயே. எதிர்த் தெசைல வச்சா ரெண்டு ஃபேனும் நடுவுல சண்டை புடிக்கும், ரேடியேட்டருக்குள்ள காத்து அசையாம நிக்கும், ஒண்ணுமே இல்லாம இருந்ததவிட மோசம். சிகரெட் பத்தவச்சோ ஊதுபத்தி வச்சோ பொகை எந்தப்பக்கம் போகுதுன்னு பாத்துட்டுதான் கடைசி நட்ட இறுக்கணும். நான் ஊதுபத்திதான் வைப்பேன், சாமிக்கும் ஆச்சு.

தெசை மாத்துறது பத்தி ஒரு விசயம், இதுல நெறைய பேர் ஏமாறுறாங்க. ஃபேன் எலைய கழட்டி முன்பின்னா திருப்பிப் பூட்டினா காத்து எதிர்ப்பக்கம் போகும்னு நெனைக்கிறாங்க. போகாது. சுத்துற பக்கம் மாறலன்னா காத்துப் போற பக்கமும் மாறாது, எலையோட வளைவு எதிரா நிக்கிறதால காத்து கொறையும், அவ்வளவுதான். எலக்ட்ரிக் ஃபேன்ல வயர் ரெண்டையும் மாத்திக் குடுத்தா மோட்டர் எதிரா சுத்தும், காத்தும் எதிரா போகும், அப்பதான் எலையையும் திருப்பிப் போடணும், வளைவு சரியா நிக்க.

டயர் குழிக்குள்ள வைக்கறதால இன்னும் ரெண்டு வேல இருக்கு. ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சு, காரையும் அமுக்கி வச்சு டயர் ஃபேன்ல படுதான்னு பாக்கணும். நம்ம ரோட்டு சேறு நேரா அதுக்குத்தான் அடிக்கும், ரப்பர் ஷீட்டுல ஒரு மறைப்பு வெட்டி டயருக்கும் ஃபேனுக்கும் நடுவுல தொங்கவிடுங்க, ஆனா காத்து வெளியேற கீழ வழி விட்டு வையுங்க.

கேள்வி: என் மினி பழைய மொடல், டைனமோதான், பெட்டரியோட பிளஸ்தான் கார் பொடில (எர்த்தா) அடிச்சிருக்கு. எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா? போட்டா நைட்ல லைட் மங்குமா? (ஹட்டன் வாசகர்)

பதில்: போடலாம். மங்கும்.

கணக்குப் பாப்போம். லூக்காஸ் சி40 டைனமோ நல்லா சுத்துறப்ப 22 அம்பியர் தரும், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. நீங்க ஹட்டன்லருந்து கினிகத்தேனை இறங்குறீங்கன்னு வச்சுக்குவோம், இரவு, மழை, மூடுபனி. ஹெட்லைட் ரெண்டும் 45 வோட்னா ஏழரை அம்பியர், சின்ன லைட்டெல்லாம் சேத்து ரெண்டு, கொயில் மூணு நாலு, வைப்பர் ரெண்டு மூணு. பதினஞ்சு பதினாறு ஏற்கனவே போயிடுச்சு. ஒரு பத்து அங்குல ஃபேன் எட்டு அம்பியர் எடுக்கும்னா மொத்தம் 22ஐ தாண்டிடும், மிச்சத்த பெட்டரிதான் குடுக்கணும். ஆனா அந்த நேரத்துல எறக்கத்துல ஃபேன் தேவப்படாதுங்கறது வேற விசயம். தேவப்படுற நேரம் எதுன்னா டவுன்ல நெரிசல்ல நிக்கிற நேரம், அப்ப பாத்து டைனமோ சும்மா நிக்கும், மெதுவா சுத்துறப்ப அது சார்ஜே பண்ணாது, டேஷ்போர்டுல செவப்பு லைட் மினுக்கும் பாத்திருப்பீங்க. அப்ப ஃபேன் முழுக்க பெட்டரிலதான் ஓடும். அரை மணித்தியாலம் எட்டு அம்பியர்னா நாலு அம்பியர்-மணி, நல்ல பெட்டரிக்கு அது ஒரு பெரிய விசயம் இல்ல. தினமும் அப்படின்னா ஒருநாள் காலைல தள்ள ஆள் தேட வேண்டி வரும்.

பிளஸ் பொடில அடிச்ச காருக்கு வயரிங் சொல்றேன், மெதுவா படிங்க. மினில பெட்டரி டிக்கில இருக்கு, அங்கருந்து வயர் இழுத்துக்கிட்டு வராதீங்க, முன்னால ஸ்டார்ட்டர் சொலினொய்ட்ல பெட்டரி கேபிள் வந்து நிக்கிற போல்ட்லருந்து எடுங்க. உங்க காருல அது மைனஸ். அதுலருந்து பக்கத்துலயே ஒரு 15 அம்பியர் ஃபியூஸ், அதுக்கப்புறம் ரிலே, அதாவது சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட்ட போடுற ஸ்விட்ச், அதுல 30ன்னு நம்பர் போட்ட கால், 87ங்கற கால்லருந்து ஃபேனோட மைனஸ் வயர், ஃபேனோட பிளஸ் வயர் பொடிக்கு. மாத்திக் குடுத்தா ஒண்ணும் எரியாது, எதிரா சுத்தும், முன்னால சொன்ன ஊதுபத்தி காட்டிக் குடுத்துடும். 85, 86ல ஒண்ணு இக்னிஷன் போட்டா கரண்ட் வர்ற வயருக்கு, மத்தது சூட்டு ஸ்விட்ச் வழியா பொடிக்கு. ரிலே வாங்குறப்ப உள்ள டயோட் இல்லாத சாதாரண ரிலேயா கேட்டு வாங்குங்க, டயோட் உள்ளதுக்கு பிளஸ் மைனஸ் மாறினா அந்த எடத்துலயே போயிடும். ஃபேனுக்குப் போற வயர் 2.5 ஸ்குவெயர் மில்லிமீட்டர், ஹோர்ன் வயர் எடுத்து ஒட்டுப்போடுற வேல வேணாம். டேஷ்போர்டுல ஒரு கை ஸ்விட்ச்சும், ஃபேன் ஓடுறப்ப எரியற ஒரு சின்ன லைட்டும் வையுங்க, நெரிசல் வருதுன்னு தெரிஞ்சா நீங்களே முந்திப் போட்டுக்கலாம்.

சூட்டு ஸ்விட்ச் எத்தனை பாகைல? உங்க தெர்மோஸ்டேட், அதாவது தண்ணி சூடானப்புறம் தொறந்து ரேடியேட்டருக்கு விடுற வால்வு, எத்தனைல தொறக்குதுன்னு மொதல்ல பாருங்க, அதுலயே அடிச்சிருக்கும். 82ன்னா ஃபேன் 92ல போட்டு 87ல நிக்கிற மாதிரி எடுங்க. 82க்கு கீழ நிக்கிற ஸ்விட்ச் எடுத்தா ஃபேன் நிக்கவே நிக்காது, தெர்மோஸ்டேட் தண்ணிய அதுக்குக் கீழ விடாதே.

அல்டர்னேட்டர் மாத்தலாமான்னு அடுத்த கேள்வி வரும்னு தெரியும். மாத்தலாம், அப்ப பெட்டரி மைனஸ்ஸ பொடிக்கு மாத்தணும், கொயில் வயர் ரெண்டையும் எடம் மாத்தணும். 69, 70லருந்து மினிய கம்பெனியே அப்படித்தான் மைனஸ்ஸ பொடில அடிச்சு வெளியாக்கினாங்க. ஃபேனுக்காக மட்டும் இத செய்யாதீங்க. மூடுபனில வெளிச்சம் பத்தலன்னு செய்றதா இருந்தா நான் கைதட்டுவேன்.

கேள்வி: எலக்ட்ரிக் ஃபேன் போட்டா இஞ்சின் ஃபேன கழட்டிடலாமா? பெட்ரோல் மிச்சமாகுமாம். (பதுளை வாசகர்)

பதில்: எங்க ஓட்டுறீங்க? பதுளைன்னு போட்டிருக்கீங்க. வேணாம். ஹாலிஎலலருந்து பண்டாரவளைக்கு ரெண்டாம் கியர்ல ஏறுறப்ப உங்களுக்கு சோறு போடுறது அந்த இஞ்சின் ஃபேன்தான், ஒரு ஃபியூஸ் போனா ஒரு வயர் கழண்டா அதுக்கு ஒண்ணும் ஆகாது.

கேள்வி: நான் தோட்டத்து ஃபெக்டரில வேல. மைனருக்கு பெரிய ஃபேன் போட்டும் டவுன்ல கொதிக்குது. மோட்டர் வேகமாத்தான் சுத்துது. (பண்டாரவளை வாசகர்)

பதில்: ஃபெக்டரில வேலன்னு எழுதினது நல்லதாப்போச்சு, உங்களுக்கு வெளக்கறது சுலபம். கொழுந்து வாட்டுற தொட்டி தெரியும்ல. அடில ஃபேன் காத்த அடிக்குது, வலைக்கு மேல கொழுந்து பரப்பி வச்சிருக்கு. ஒரு மூலைல கொழுந்து பரப்பாம வலை தெரிஞ்சா என்ன ஆகும்? காத்து எல்லாம் அந்த ஓட்டை வழியா ஓடிப்போயிடும், கொழுந்துக்குள்ள போகாது, காலைல வந்து பாத்தா வாடாம பச்சையா கெடக்கும், துரைக்கு பதில் சொல்லணும். காத்து எப்பவும் லேசான வழியத்தான் தேடும்.

ரேடியேட்டரும் அதேதான். உங்க ஃபேன் கோர்லருந்து ரெண்டு மூணு அங்குலம் தள்ளி நிக்குதுன்னு நெனைக்கிறேன், சுத்தி மறைப்பு ஒண்ணும் இல்ல. அது கோருக்குள்ளருந்து காத்து இழுக்காம பக்கத்துல பொனட்டுக்குள்ள இருக்கற சுடுகாத்தையே எடுத்து திரும்பத்திரும்ப சுத்தவிடுது. டவுன்ல நிக்கிறப்ப மட்டும் கொதிக்கிறதுக்கு இதுதான் காரணமா இருக்கும், ஓடுறப்ப முன்னாலருந்து வர்ற காத்து தானே உள்ள போயிடுது.

மெல்லிசு அலுமினியத் தகட்டுல ஒரு பொட்டி மாதிரி மறைப்பு செய்ங்க, ரேடியேட்டர் அகலத்துக்கு. ஃபேன் அதுக்கு நடுவுல வட்ட ஓட்டைல நிக்கட்டும், எலை நுனிக்கும் ஓட்டை விளிம்புக்கும் பத்து மில்லிமீட்டர் எடைவெளி போதும், ரொம்ப ஒட்டி வச்சா ரோட்டு குலுக்கல்ல அடிக்கும். ரேடியேட்டரும் மறைப்பும் சேர்ற விளிம்புல ஸ்பொஞ்ச் ஒட்டுங்க. ரேடியேட்டருக்கும் முன் பொடிக்கும் நடுவுல இருக்கற எடைவெளியையும் அப்படியே அடைங்க, பழைய ரப்பர் பட்டி அழுகி விழுந்த கார்ல யாரும் அத திரும்பப் போடுறதே இல்ல.

பெரிய ஃபேன்னு எழுதியிருக்கீங்க, எந்தப்பக்கம் பூட்டினீங்கன்னு எழுதல. ரேடியேட்டருக்கு முன்னால பூட்டியிருந்தா அதோட மோட்டரும் சட்டமும் ஓடுறப்ப வர்ற காத்த மறைக்கும். எடம் இருந்தா பின்னால வச்சு இழுக்க விடறதுதான் என் கட்சி. மைனர்ல இஞ்சின் ஃபேன் அந்த எடத்துல நிக்கிறதால பாதிப்பேருக்கு முன்னாலதான் வைக்க முடியும், அப்படின்னா பெருசு வேணாம், சின்னதா வையுங்க. கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைக்குப் போறதுக்கு முந்தி அகலம் உயரம் மட்டுமில்ல, ஆழத்தையும் அளந்து எழுதிக்கிட்டு போங்க, கடைக்காரர் சரியா வரும்னுதான் சொல்வார், அவருக்கு சரியா வந்துடும்.

அப்புறம் அந்த பிளாஸ்டிக் கட்டுக்கம்பி, கோருக்குள்ளால குத்தி இந்தப்பக்கம் இழுத்து ஃபேன தொங்கவிடறது. தயவுசெஞ்சு வேணாம். நம்ம ரோட்டு குலுக்கல்ல ஃபேன் ஆடிக்கிட்டே இருக்கும், ஒரு மழைக்காலம் போறதுக்குள்ள கோர் குழாய அறுத்துடும். ரெண்டு இரும்புப்பட்டி மேலயும் கீழயும் வச்சு ரேடியேட்டர் சட்டத்துல பூட்டுங்க.

கேள்வி: அப்பா தவறி ஒரு வருசம் ஆகுது. அவர் மினிய விக்க மனசில்ல, நானே ஓட்டுறேன். அதுல இரும்பு எலை நாலு இருக்கற ஃபேன். ரொம்ப சத்தம். மாத்தலாமா, அப்பா வச்சது அப்படியே இருக்கட்டுமா? (தலவாக்கலை ஆசிரியை)

பதில்: டீச்சர், கார வச்சிருக்கறதே பெரிய விசயம். சத்தத்துக்காக மாத்த வேண்டியதில்ல, ஆனா அத கழட்டிப் பாக்காம ஓட்டாதீங்க. பழைய இரும்பு எலை அடில, ரிவெட் அடிச்ச எடத்துல, முடி மாதிரி வெடிப்பு விடும். ஒருநாள் ஒரு எலை கழண்டா ரேடியேட்டர கிழிக்கும், பொனட்டையும் பொத்துக்கிட்டு வரும். கழட்டி மண்ணெண்ணெய்ல கழுவி வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, ஒரு எலை லேசா வளைஞ்சிருந்தாலும் வேணாம், நிமித்தப் பாக்காதீங்க, நிமித்தின எடத்துலதான் அடுத்த வெடிப்பு வரும். சமநிலை தப்பின ஃபேன் வோட்டர் பம்ப் பெயரிங்கையும் சேத்து தின்னும், உங்களுக்குக் கேக்குற சத்தம் ஃபேனா பெயரிங்காங்கறதயே மொதல்ல பாக்கணும். பெல்ட்ட கழட்டிட்டு ஃபேன கையால முன்னும் பின்னும் ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா பம்ப்.

மாத்துறதா இருந்தா மினிக்குன்னே வந்த பதினோரு எலை பிளாஸ்டிக் ஃபேன் ஒண்ணு இருக்கு, பெரும்பாலும் மஞ்சக் கலரா கெடைக்கும், சத்தம் கொறவு, காத்தும் நல்லா தள்ளும். சூடான நாட்டுக்குன்னு ஆறு எலை இரும்பு ஃபேனும் விட்டாங்க, அது நல்லா குளுராக்கும், ஆனா சத்தத்துல உங்க நாலு எலைக்கு அண்ணன். தலவாக்கலை குளுருக்கு அது தேவையே இல்ல. பிளாஸ்டிக் போடுங்க, அதுலயும் பழசு வாங்கினா நடு ஓட்டைய சுத்தி வெடிப்பு இருக்கான்னு பாருங்க.

மாத்துறவர் கிட்ட ஒண்ணு சொல்லி வையுங்க, ரேடியேட்டர தளத்தாம ஃபேன நெம்பி எடுக்கப் பாக்க வேணாம்னு. அந்த சந்துல கை போகாது, ஸ்பேனர் வழுக்கினா கோர்தான் கிழியும். அப்பா வச்ச ஃபேன பரண்ல வச்சிடுங்க, வீச வேணாம்.

கேள்வி: ஏத்தத்துல பாதில கொதிச்சா ஒடனே என்ன செய்றது? பாஸ் ஒருத்தர் தெர்மோஸ்டேட்ட கழட்டி வீசிட்டா கொதிக்கவே கொதிக்காதுன்னார். (ஹப்புத்தளை வாசகர்)

பதில்: தெர்மோஸ்டேட்ட கழட்டினா ஹப்புத்தளை காலைக்குளுர்ல உங்க இஞ்சின் சூடே ஏறாம சோக்க இழுத்துக்கிட்டே ஓடும், பெட்ரோல் குடிக்கும், சிலிண்டர் தேயும். வேல செய்யலன்னா புதுசு போடுங்க, அது ஒண்ணும் பெரிய காசு இல்ல. வாங்கின ஒடனே ஒரு சட்டில தண்ணி கொதிக்க வச்சு அதுக்குள்ள போட்டு தொறக்குதான்னு பாத்துட்டு பூட்டுங்க, புதுசுலயும் தொறக்காதது வருது.

பாதில ஊசி ஏற ஆரம்பிச்சா, ஆவி வர்றதுக்கு முந்தி, ஹீட்டர் இருந்தா அத முழுசா தொறந்து விட்டு ஜன்னல எறக்கிடுங்க, அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். மேல் கியர்ல முக்கிக்கிட்டு போகாம ஒரு கியர் கொறச்சு, எக்ஸிலேட்டர் லேசா வச்சு ஏறுங்க, இஞ்சின் ஃபேன் வேகமா சுத்தும், பம்ப்பும் அப்படித்தான். அப்பவும் எறங்கலன்னா அகலமான எடமாப் பாத்து ஓரங்கட்டி நியூட்ரல்ல போட்டு, தண்ணி இன்னும் வெளிய வரலன்னா இஞ்சின ஒடனே நிப்பாட்டாம ஆயிரத்தி ஐநூறு சுத்துல ஒரு ரெண்டு நிமிசம் ஓட விடுங்க. ஒடனே நிப்பாட்டினா பம்ப்பும் ஃபேனும் நின்னுடும், சிலிண்டர் ஹெட்ல இருக்கற சூடு போக எடமில்லாம அங்கயே தண்ணிய கொதிக்க வச்சிடும். தண்ணி கொட்ட ஆரம்பிச்சிருந்தா அது வேற கதை, ஒடனே நிப்பாட்டுங்க, தண்ணி இல்லாத ஹெட் வளைஞ்சிடும்.

அப்புறம் பொனட்ட தொறந்து வச்சுட்டு ஒரு பிளேன்டீ குடிச்சுட்டு வாங்க. அரை மணித்தியாலம். ஆறாத மூடில கை வைக்காதீங்க, பக்கத்து பீலில போத்தல்ல புடிச்ச ஜில்தண்ணிய சூடான இஞ்சினுக்கு அப்படியே ஊத்தாதீங்க, பிளொக் வெடிக்கும். ஆறினதுக்கப்புறம் மூடிய ஒரு துணியால புடிச்சு கால் சுத்து, உஸ்ஸுன்னு சத்தம் நிக்கிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் முழுசா தொறந்து, இஞ்சின ஓட விட்டு கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. அந்த மூடியோட ரப்பர அப்பவே ஒரு தடவ திருப்பிப் பாத்துடுங்க.